பலாக்காட்டுப் பாலத்துக்கு நான் வெட்டிய கற்கள்

செத்தவர்களுக்கும் ஜெயித்தவர்களுக்கும் பெயர் வெட்டுவதுதான் எங்கள் தொழில். ஏற்காட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு இறங்குகிற சரிவில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. நான் உளி பிடிப்பேன். கூட்டாளி சவரிமுத்து கல்லைத் தேய்த்து மெருகேற்றுவான். பல வருடம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் இருந்தது, அதனால் செத்தவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. எண்பதுகளின் நடுவில் தேர்தல் வந்தது. அப்புறம் ஜெயித்தவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள்.

அடிக்கல் நாட்டிய இடத்தில் ஆடு மேய்வதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கல்லை வெட்டியவனுக்கும் வயிறு உண்டு என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் வருகிற ஒன்றிய சேர்மனின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஒரு தடவை வெட்டிவிட்டு நான் பட்டதே போதும்.

தேதிக்கு இடம்

கல்லறைக் கல்லில் ஒரு வழக்கம் உண்டு. கணவர் இறந்தால் மனைவியின் பெயரையும் பக்கத்திலேயே வெட்டிவிடச் சொல்வார்கள். பிறந்த தேதியையும் வெட்டுவோம். இறந்த தேதிக்கு மட்டும் நாலு விரல் அகலத்துக்கு இடம் விடுவோம். அந்த அம்மாள் உயிரோடு வந்து, தன் பெயரைப் படித்துப் பார்த்து, எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். வெளியூர்க்காரர்களுக்கு இது பயமாக இருக்கும். எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

சேர்மனின் மைத்துனர் முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் ஒருவரின் மனைவி அப்படித்தான் தன் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மைத்துனர்தான் ஒன்றியத்து வேலைகளுக்கெல்லாம் காண்ட்ராக்டர். பலாக்காட்டுக்குப் பாலம் வருகிறது என்றார். மாரமங்கலம் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று மைல் நடந்தால் ஓர் ஓடை. அதற்கு அக்கரையில் இருபது வீடு, அதுதான் பலாக்காடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் இக்கரையில். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் அந்த இருபது வீட்டுக்காரர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

அடிக்கல், திறப்புக் கல் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார் மைத்துனர். பாலம் கட்டும் முன்பே திறப்புக் கல் எதற்கு என்று கேட்டேன். பெரிய ஆட்கள் எப்போது நேரம் கொடுப்பார்களோ தெரியாது, கல் தயாராக இருக்கட்டும் என்றார். பிறகு ரைட்டர் மனைவியின் கல்லை உற்றுப் பார்த்துவிட்டு அதைச் சுட்டிக் காட்டினார். "இந்த மாதிரியே தேதிக்கு மட்டும் எடம் உட்டுருங்க மேஸ்திரி. அது எப்ப வரும்னு நம்ம கையில இல்லீங்களே."

கல்லின் முதுகு

மழை மாதங்களில் வேலை குறைவு. கை சும்மா இருக்க வேண்டாம் என்று நாலைந்து கல்லில் பொது வரியை மட்டும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுவோம். மேலே 'இங்கே இளைப்பாறுகிறார்' என்று ஒரு வரி. கீழே பெயருக்கு இடம். எப்படியும் யாராவது வருவார்கள். வராத வருடம் கிடையாது.

அந்த ஆவணியில் மலைப்பாதையில் மண் சரிந்து, கீழேயிருந்து கல் லாரி ஏறவில்லை. அடிக்கல் விழாவுக்கு இரண்டே நாள் இருந்தது. பட்டறையில் இருந்ததெல்லாம் அப்படிப் பொது வரி வெட்டி வைத்த கற்கள்தான். சவரிமுத்து ஒரு யோசனை சொன்னான்: அடிக்கல்லை எப்படியும் சுவரில் பதித்துப் பூசிவிடுவார்கள், முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஒன்றைப் புரட்டிப் போட்டு, மறுபக்கத்தில் சேர்மன் பெயரை வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். திறப்புக் கல்லை லாரி ஏறியதும் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விழா நடந்த இடத்தில் சுவரே இல்லை. ஓடைக்கரையில் குழி தோண்டி நட்டுவிட்டார்கள். முகம் இக்கரையைப் பார்த்து நின்றது, முதுகு அக்கரையைப் பார்த்து. நல்ல வேளை, பனி மூட்டம் கெட்டியாக இறங்கியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஜீப்பில் கட்டிய மைக்கில் சேர்மன் பேசினார். அக்கரையில் நின்ற ஜனங்களில் ஒருவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கைதட்டல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. எல்லாம் முடிந்து ஜீப்புகள் கிளம்பிய பிறகு, ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து என்னிடம் வந்தாள். பெயர் நல்லம்மா. மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவள். மனு மேல் மனு எழுதி இந்தப் பாலத்தைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க மேஸ்திரி, எங்க பக்கம் பேரு காலியா இருக்குதுங்களே. அங்க யாரு வரப் போறாங்க?"

கல்லறைத் திருநாள்

திறப்புக் கல் ஐப்பசி பிறப்பதற்குள் தயாராகிவிட்டது. பாலம் தயாராகவில்லை. இரண்டு லோடு மணலும் கொஞ்சம் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டினார்கள். மணல் மழையில் ஓடையோடு போய்விட்டது என்று பஸ் கண்டக்டர் சொன்னார். திறப்புக் கல், தேதி இல்லாமல், பட்டறை வாசலில் மற்றக் கற்களோடு சாய்ந்து நின்றது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் சரிவு முழுக்க மெழுகுவத்தியும் சாமந்தியுமாக இருக்கும். பட்டறையில் நிற்கிற கற்களுக்கும் சிலர் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள், இன்னும் இடத்துக்குப் போய்ச் சேராத ஆத்துமாக்கள் என்று. மதியம் கடைவீதியிலிருந்து திரும்பி வந்தால், சேர்மனின் கல்லுக்கு முன்னால் பெரிய மெழுகுவத்தி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் அதன் முன்னால் முழந்தாளிட்டிருந்தார். கண்ணாடி எடுத்து வரவில்லை போலிருக்கிறது. பெரிய எழுத்தில் இருந்த பெயரை மட்டும் படித்திருக்கிறார்.

ஊதி அணைக்க எனக்குக் கை வரவில்லை. சவரிமுத்துவுக்கும் வரவில்லை. காற்று நன்றாக வீசியது, பக்கத்தில் இருந்த மெழுகுவத்திகள் எல்லாம் அணைந்தன, அது மட்டும் அடி வரைக்கும் எரிந்து தீர்ந்தது. நர்ஸம்மா எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "செத்த தேதிகூடத் தெரியாம வெச்சிருக்காங்க, பாவம். இப்படிப்பட்டவங்களுக்குத்தான் மொதல்ல ஜெபம் பண்ணணும்."

பனிக்குள் ஒரு திறப்பு விழா

தை மாதம் மைத்துனர் தேதியோடு வந்தார். பாலம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். உங்கள் வேலை தேதி வெட்டுவது என்றார். வெட்டினேன். கல்லை இறக்கி நிறுத்த நானும் லாரியில் போனேன்.

காலை பத்து மணி, ஆனால் பனி விலகவில்லை. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. சேர்மன் ரிப்பனை வெட்டினார், போட்டோ எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய என்ஜினியர் மெல்ல ரிப்பனைத் தாண்டி இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வைக்கப் போனவர், தண்ணீர் ஓடுகிற சத்தம் காலுக்கு நேர் கீழே கேட்கவும் நின்றுவிட்டார். அக்கரையில், பனிக்குள், யாரோ இருமினார்கள். என்ஜினியர் பின்னோக்கியே நடந்து வந்து ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அங்கே பாலம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மைத்துனர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, யாரும் கேட்காமலேயே சொன்னார்: "பனி வெலகட்டுமுங்க சார், பாலம் தன்னால தெரியும்."

சவரிமுத்து உட்கார்ந்த இடம்

போட்டோ எடுத்த அன்றே திறப்புக் கல்லைத் திரும்பவும் லாரியில் ஏற்றிப் பட்டறையில் இறக்கிவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும், யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று உத்தரவு. மூலையில் படுக்கப் போட்டுச் சாக்கால் மூடி வைத்தோம்.

நல்லம்மா விடவில்லை. இல்லாத பாலத்தைத் திறந்துவிட்டார்கள் என்று சேலத்துக்கு மனு போட்டாள். சித்திரையில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். பொறுமையான மனுஷர். பலாக்காட்டுப் பாலத்துக்குத் திறப்புக் கல் வெட்டினீர்களா, அது எங்கே, விழாவன்று நீங்கள் பார்த்தது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சவரிமுத்து அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். நான், எத்தனையோ கல் வெட்டுகிறேன், எது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, அன்றைக்குப் பனி, எதுவும் தெரியவில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் பயம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. சேர்மன் ஆட்களைப் பகைத்துக்கொண்டு மலைமேல் தொழில் பண்ண முடியாது. அதிகாரி படியேறிப் போனதும் சவரிமுத்து எழுந்து நின்று பின்பக்கத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை காய்ந்துகொண்டிருந்தது. "கல்லு நொம்பச் சில்லுனு இருக்குது மேஸ்திரி. இனிமே இதும்மேல நான் உக்கார மாட்டேன்."

பேர் வந்தது

அடுத்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. நல்லம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மாரமங்கலத்தில் தங்கிவிட்டுக் காலையில் போகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்கவில்லை. ஓடையில் இறங்கினாள். இரண்டு நாள் கழித்து, இரண்டு மைலுக்குக் கீழே, ஒரு காப்பி எஸ்டேட் வேலியில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அவள் புருஷன் வெள்ளையன் பட்டறைக்கு வந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை. அகாலமாகப் போனவர்களுக்குப் போன இடத்திலேயே கல் வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம், ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு கல் நிற்கிறது, அதில் எங்கள் பக்கம் இடமும் இருக்கிறது, வந்து பேரை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அதிகாரியிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐப்பசிக்குள் பாலம் வந்திருக்குமா என்று தெரியாது. வந்திருக்கலாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. உளிப் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

ஓடைக்கரையில் நின்றபடியே 'இங்கே இளைப்பாறுகிறார்' என்பதற்குக் கீழே 'நல்லம்மா' என்று வெட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் அக்கரைப் பாறையிலிருந்து எதிரொலி வந்தது. கடைசி எழுத்தை முடித்துச் சுத்தியைக் கீழே வைத்த பிறகும் ஒரு அடி கேட்டது. வெள்ளையனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், தலையை நிமிர்த்தினார். கல்லைச் சுற்றி வந்து பார்த்தேன். அதிர்வில் முன்பக்க எழுத்துகளின் வெள்ளைப் பெயின்ட் முழுக்க உதிர்ந்து புல்லில் கிடந்தது. சேர்மன் பெயர் கருப்புக் கல்லில் வெறும் பள்ளமாக இருந்தது. வெள்ளையன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பக்கத்துப் பேரு வந்துட்டுதுங்க. இனி இந்தப் பக்கத்து ஆளும் வரட்டுமுங்க."

இரண்டு பக்கமும் படையல்

பலாக்காட்டுக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை அந்தக் கல்லுக்குப் படையல் போட ஆரம்பித்தார்கள். களியும் கீரையும் இலையில் வைத்து, விளக்கேற்றி, செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கல் ஒன்று, பேர் இரண்டு. ஒரு பக்கத்துக்குச் சோறு வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பட்டினி போட்டால் அது சும்மா இருக்குமா? அதனால் இரண்டு பக்கமும் இலை போட்டார்கள். நல்லம்மாவைக் கூப்பிட்டு முடித்ததும், கல்லைச் சுற்றி வந்து, சேர்மனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேலிக்காகச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கேலியே இல்லை. அதுதான் விஷயம்.

செய்தி பஸ் ஏறி வந்தது. யாரும் சேர்மனிடம் நேராகச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அவர் கையில் கொடுக்கச் சிலர் தயங்கினார்கள். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு வளைவில் பனிக்குள்ளிருந்து அவர் வெளியே வந்ததைப் பார்த்த பெண் ஒருத்தி மிளகுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாளாம். மனுஷர் இளைத்துப் போனார். அமாவாசையன்று தன்னால் வீட்டுச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை, வயிறு நிறைந்தே இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னதாகக் கேள்வி.

மார்கழியில் ஒரு மத்தியானம், ஜீப் இல்லாமல், சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தே பட்டறைக்கு வந்தார். அந்தக் கல்லிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அது இப்போது அவர்கள் சாமிக் கல், அவர்கள் சொல்லாமல் நான் உளி வைக்க முடியாது என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நான் உசுரோடதான் இருக்கறேன்னு அவங்ககிட்ட யாராச்சும் சொல்லக் கூடாதுங்களா மேஸ்திரி?"

அக்கரையிலிருந்து ஒரு குரல்

நீங்களே வந்து சொல்லுங்கள் என்று மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓடை இடுப்பளவுக்கு மேல் ஓடியது. பனி வேறு. கல்லில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, காய்ந்த இலை இரண்டு பக்கமும் கிடந்தது. சேர்மன் கல்லைச் சுற்றிப் போய் முதுகுப் பக்கத்தைப் படித்தார். இரண்டு விழா நடத்திய மனுஷர் அந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்.

நான் குரல் கொடுத்தேன். வெள்ளையனின் குரல் பதில் சொன்னது, ஆள் தெரியவில்லை. சேர்மன் வந்திருக்கிறார், ஊர்க்காரர்களிடம் பேச வேண்டுமாம் என்றேன். காலடிகள் கேட்டன, ஒன்றிரண்டு அல்ல, ஊரே கரைக்கு வருகிற மாதிரி. பிறகு வெள்ளையன், பேசலாம், வரச் சொல்லுங்கள் என்றார். தண்ணீர் ஓடுகிறதே என்றார் சேர்மன். அதற்கு அந்தக் குரல் மரியாதை குறையாமல் சொன்னது, தண்ணீரில் எதற்கு இறங்க வேண்டும், நீங்கள் திறந்து வைத்த பாலத்தின் மேல் நடந்து வாருங்கள் என்று.

சேர்மன் என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன். வெள்ளைக்குள் இருபது வீட்டு ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது; ஒரு குழந்தைகூட அழவில்லை. சால்வை நழுவி ஈரத்தில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தார். மேடைக் குரல் இல்லை அது. "இங்க பாலம் எங்கப்பா இருக்குது?"

சாக்கை எடுத்தேன்

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலத்துக்குப் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். முதலில் சொன்னது பொய் என்றேன். அந்த வாரமே பட்டறைக்கு வந்தார். மூலையில் கிடந்த சாக்கை நானே இழுத்தேன். கல்லின் மேல் தண்ணீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, 'இப்பாலத்தைத் திறந்து வைத்தார்' என்பதையும் கீழே இருந்த தேதியையும் வாய்விட்டுப் படித்தார். திறப்பு விழாவன்று பனிக்குள் நடந்தது, என்ஜினியர் வைத்த இரண்டடி, கல் திரும்பி வந்தது, ஓடைக்கரையில் சேர்மன் தன் வாயால் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். பலாக்காட்டுக்காரர்களும் தங்கள் காதால் கேட்டதை வரிசையாக வந்து சொன்னார்கள்.

சேர்மனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என்ஜினியர் மாற்றலாகிப் போனார். மழைக்கு முன்னால் பாலத்தைக் கட்டி முடிக்காவிட்டால் வழக்கு என்று மைத்துனருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது வேறொன்று. என் இரண்டாவது வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிய அதிகாரி, பேனாவை மூடிக்கொண்டே, கடுமையே இல்லாமல் கேட்டார்: "போன தடவ நான் வந்தப்ப அந்தம்மா உசுரோட இருந்தாங்க. இல்லீங்களா மேஸ்திரி?"

பேர் போனது

வைகாசி கடைசியில் பாலம் முடிந்தது. விழா இல்லை, மைக் இல்லை. அதிகாரி வந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டுப் போனார். பாலம் வந்தால் சேர்மன் பேரை விட்டுவிடுகிறோம் என்று அன்றைக்கு அக்கரையிலிருந்து சொல்லியிருந்த வாக்கை ஊர்க்காரர்களும் காப்பாற்றினார்கள். பேரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார்கள். நான் உளியோடு போனேன். சேர்மன் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். கடைசி எழுத்து போகும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். முடிந்ததும் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவி, இனி ஒன்றும் படிக்க முடியாது அல்லவா என்று இரண்டு தடவை கேட்டார். தன் பெயர் கல்லில் இல்லை என்று சந்தோஷப்பட்ட அரசியல்வாதியை என் வாழ்நாளில் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். நல்லம்மாவின் மகள் பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பாலத்தில் நடந்து வந்தாள். பின்னால் மற்றப் பிள்ளைகள். வெள்ளையன் மட்டும் பாலத்தில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்துக்கு அடியிலேயே, தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். அடிக்கொரு தடவை நின்று, யாரோ பின்தங்கிவிட்டவரைப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்த பாலம், மேலே வரக் கூடாதா என்று கேட்டேன். ஈரக் காலோடு கரையேறி நின்று சொன்னார்: "பாலம் கொழந்தைங்களுக்குங்க. அவ இன்னும் தண்ணிக்குள்ளதான் வந்துட்டிருக்கறா, தனியா உட்டுட்டு நான் எப்படீங்க மேல வர்றது?"

இன்றைக்கும் தேர்தல் முடிந்த கையோடு ஜெயித்தவர்கள் அடிக்கல்லுக்குச் சொல்ல எங்கள் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். பலாக்காட்டுக்கு மட்டும் எவரும் கல் கேட்பதில்லை, அதனாலோ என்னவோ அங்கே மட்டும் வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன.